காலி எடை

டமால் என்று ஒன்று. கேட்டதா? அவ்வளவுதான், ஒன்றோடு நிற்கும். இரண்டு தெரு தள்ளி யாரோ புதுக் கட்டைப் பிரித்து ஒரே ஒரு வெடியைப் போட்டுப் பார்க்கிறார்கள், நமுத்திருக்கிறதா என்று. தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இப்போது ஆரம்பித்தால் தை பிறக்கிற வரைக்கும் ஓயாது.

வாருங்கள், ஏன் வாசலிலேயே நிற்கிறீர்கள். வெடிச் சத்தத்தில் நீங்கள் கதவைத் தட்டியது கேட்கவில்லை. மோகனூர்ப் பக்கம்தானே? டயாலிசிஸ் சென்டர் ஜெசிந்தா சிஸ்டர் காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். "அவரு சம்சாரத்துக்குப் போன மாசந்தான் டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்குதுங்கண்ணா. ஊட்டுல வெக்க ஒரு எடை மிஷின் வேணுமாமா. உங்ககிட்ட இருக்கறது சும்மாதான கெடக்குது" என்றார்கள். சும்மாதான் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள். காசெல்லாம் வேண்டாம், பையை உள்ளே வையுங்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இப்படி, பெஞ்சில். நான் கீரை உருவிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி வேலைக்குப் போகிறவன். பகலில் வீட்டு வேலை, பிறகு தூக்கம், பிறகு மறுபடி சட்டையை மாட்ட வேண்டும். மனிதன் வந்தால் பேச்சு வந்துவிடுகிறது. யாரும் வருவதில்லை, அதனால்.

எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள் உங்கள் சம்சாரத்துக்கு? ட்ரை வெயிட்? அறுபத்தொன்றா. நல்ல உடம்புதான். என் வீட்டுக்காரிக்கு ஐம்பத்திரண்டு.

சிஸ்டர் உங்களுக்கு விவரம் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன், புது ஆட்களுக்கு ஒரு தடவையில் ஏறாது. சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. உள்ளேயே நிற்கும். வாரத்துக்கு இரண்டு தடவை மிஷினில் போட்டு அதை எடுக்கிறார்கள். கூடுதல் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் உடம்பு மட்டும் எவ்வளவு என்று டாக்டர் ஓர் எடையைக் குறித்துக் கொடுப்பார். அதுதான் ட்ரை வெயிட். அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் தண்ணீர். இரண்டு கிலோ ஏறினால் இரண்டு லிட்டர் எடுப்பார்கள். நாலு கிலோ, ஐந்து கிலோ ஏறிப் போனால் இருதயம் தாங்காது, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதனால் எடை ஏறக் கூடாது. ஏறவே கூடாது.

நான் இதை முதல் நாளே பிடித்துக்கொண்டேன். என் தொழில் அது. துறையூர் ரோட்டில் லாரி எடை மேடை இருக்கிறதே, தீவன மில்லுக்கு எதிரே, அங்கேதான் பத்தொன்பது வருடமாக ராத்திரி ஆள். சென்னியப்பன் என்றால் அந்த ரோட்டில் எல்லா டிரைவருக்கும் தெரியும். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, கோழித்தீவனம். லாரி சரக்கோடு மேடையில் ஏறும், அது மொத்த எடை. இறக்கிவிட்டு வந்து ஏறும், அது காலி எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. வேறு ஒன்றும் கிடையாது.

சிஸ்டர் அன்றைக்குச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிஸ்டர், இதத்தான் நான் பத்தொம்பது வருசமாப் பண்ணிட்டிருக்கறனுங்க" என்றேன். ஐம்பத்திரண்டு காலி எடை. ஐம்பத்து நாலோடு போகிறாள், இரண்டு கிலோ இறக்குகிறார்கள், மறுபடி ஐம்பத்திரண்டு. சிஸ்டரும் சிரித்தார்கள். "அப்ப உங்களுக்கு நான் ட்ரெய்னிங்கே குடுக்க வேண்டியதில்லீங்கண்ணா."

தங்காயிதான் சிரிக்கவில்லை. தங்காயி என்பது என் வீட்டுக்காரி. "என்னைய லாரிங்கறாரு, நீங்களும் சிரிக்கறீங்க" என்றாள்.

போன வருடம் ஆடி மாதம் சேலத்திலிருந்து வருகிற பெரிய டாக்டர் அந்த ஐம்பத்திரண்டைக் குறித்துக் கொடுத்தார். அவர் மாதம் ஒரு தடவை வருவார். ஆவணி, புரட்டாசி நன்றாகத்தான் போயிற்று. ஐப்பசி வந்தது. ஐப்பசியில்தான் பயம். உங்களுக்கும் இனிமேல் அதுதான், அதனால்தான் சொல்கிறேன்.

போன தீபாவளி எங்களுக்குத் தலை தீபாவளி. மகளுக்கு, மோகனப்பிரியாவுக்கு, வைகாசியில் கல்யாணம். தங்காயி படுத்துவிடுவாளோ என்று அவசரமாக முடித்த கல்யாணம். ராசிபுரத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை முதல் தடவை பண்டிகைக்கு வருகிறார். முறுக்கு, அதிரசம், கறிக்குழம்பு எல்லாம் வைக்காமல் முடியுமா? வைத்தால் வீடு முழுக்க மணம். முறுக்கு தின்றால் தாகம், தாகம் எடுத்தால் தண்ணீர். சிஸ்டர் புரட்டாசியிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "அண்ணா, தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும் ரொம்ப ஜாக்கிரதைங்க. வருசா வருசம் இந்த மூணு மாசத்துலதான் நாங்க ஆளுங்கள இழக்கறம். தீபாவளிக்கு சென்டர் லீவு வேற, ஒருநா தள்ளித்தான் போடுவாங்க." முந்தின தீபாவளிக்கு எருமப்பட்டிக்காரர் ஒருத்தர் ஆறு கிலோ ஏற்றிக்கொண்டு வந்து, படுக்கையில் படுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாராம்.

அன்றைக்கு வரும் வழியிலேயே இந்த மிஷினை வாங்கினேன். வாங்கியதும் நம்பிவிடவில்லை. மில்லுக்குக் கொண்டுபோய் ஐம்பது கிலோ தீவன மூட்டை ஒன்றைத் தூக்கி மேலே வைத்தேன். ஐம்பது புள்ளி இரண்டு. சாக்கு எடை இருநூறு கிராம். மிஷின் சரி. உங்கள் வீட்டில் தரை சமமாக இருக்கிறதா பாருங்கள். சிமெண்டுத் தரையா? சிமெண்டு நல்லது. டைல்ஸ் என்றால் மிஷினின் கால் இடுக்கில் படாமல் பார்த்து வையுங்கள்.

நான் ஆறு மணிக்கு மேடையிலிருந்து இறங்குவேன். ஆறரைக்கு வீடு. செருப்பைக் கழற்றியதும் அதுதான் முதல் வேலை. அவள் அதற்குள் எழுந்து, அதே பழைய காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தினமும் ஒரே சேலை, ஒரே நேரம், வெறும் வயிறு. ஏறி நிற்பாள். என்ன காட்டுகிறதோ அதை நாள்காட்டித் தாளில் எழுதுவேன். மறுநாள் கிழிக்கிற தாளை எறிய மாட்டேன்.

"கோழித்தீவனத்தக்கூட நீங்க இத்தன தடவ எடை போட மாட்டீங்க" என்பாள்.

"கோழித்தீவனம் செத்துப்போகாது புள்ள" என்பேன்.

அவளுக்குப் பசி பெரிய கஷ்டமில்லை. தாகம்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், அதில்தான் காப்பி, அதில்தான் மாத்திரை, அதில்தான் ரசம். சும்மா உட்கார்ந்திருப்பாள், திடீரென்று எழுந்துபோய்ப் பானை மேல் கன்னத்தை வைத்துக்கொள்வாள். குடிக்க மாட்டாள். வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். எனக்கு அதைப் பார்க்க முடியாது. வெளியே போய்விடுவேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் அவளே ஒன்று கண்டுபிடித்தாள். காலையில் எடை பார்த்துவிட்டு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஏனுங்க, ஒரு தோசை எத்தன கிராம் இருக்கும்?" என்று கேட்டாள். நூறு இருக்கும் என்றேன். "அப்ப ரெண்டு தோசைய உட்டுட்டா ஒரு டம்ளர் தண்ணி சேத்திக் குடிக்கலாமுங்களா? எடை ஒண்ணுதான?"

நான் யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன். மேடைக்கு மேல் மக்காச்சோளம் நின்றால் என்ன, மணல் நின்றால் என்ன, மேடைக்கு அது தெரியாது. எடை எடைதான். "ஒண்ணுதான்" என்றேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. படிக்காதவள். மூன்றாம் வகுப்பு. எப்படிக் கணக்குப் போட்டாள் பாருங்கள்.

அதிலிருந்து அப்படியே நடந்தது. காலையில் தோசைக்குப் பதில் ஒரு டம்ளர். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, மிச்சத்துக்கு ஒரு டம்ளர். முட்டை வெள்ளை தினமும் மூன்று சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதில் இரண்டை உதறினாள். "தண்ணிக்கு எடம் வெக்கறனுங்க" என்பாள், ஏதோ பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி. எடை நூல் பிடித்தாற்போல நின்றது. ஐம்பத்து மூன்று, ஐம்பத்து மூன்று நானூறு, டயாலிசிஸ், ஐம்பத்திரண்டு.

தலை தீபாவளிக்கு அவள்தான் எல்லாம் சமைத்தாள். ஊசி குத்துகிற இடது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு அதிரசம் தட்டினாள். விடிந்ததும் மாப்பிள்ளைக்கு இலை போட்டோம். கறிக்குழம்பு, இட்லி, வடை. மாப்பிள்ளை தயங்குகிறார். மாமியார் சாப்பிடாமல் எதிரே நின்று பரிமாறினால் யாருக்குத்தான் இறங்கும்? "அத்த, நீங்களும் உக்காருங்க" என்றார். மோகனா ஓர் இட்லியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டு வாயருகே கொண்டுபோனாள். "ஒரே வாய்மா. எனக்கோசரம்."

தங்காயி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. "அம்மாவுக்கு இப்ப எடமில்ல கண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, "ஆமாங் கண்ணு, நான் அப்பறம் சாப்புட்டுக்கறன்" என்றாள். பிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகளுக்குக் கோபம். இரண்டு நாள் இருக்க வந்தவள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள். "அப்பா, நீங்க அம்மாவப் பட்டினி போடறீங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். சின்னப் பெண், விவரம் தெரியாது.

ஆனால் மறுநாள் சென்டரில் பார்க்கவேண்டுமே. ஒரு நாள் தள்ளிப்போன முறை. ஒவ்வொருத்தராக ஏறுகிறார்கள். நாலு கிலோ. நாலரை. ஒருத்தர் ஐந்தேகால், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார், சட்டையில் முறுக்குத் தூள். சிஸ்டர் எல்லோரையும் திட்டுகிறார்கள். தங்காயி ஏறினாள். ஐம்பத்து மூன்று அறுநூறு. சிஸ்டர் இரண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னார்கள், மிஷின் கோளாறோ என்று. பிறகு அவள் தோளைப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்கள். "எல்லாரும் இந்த அம்மாவப் பாத்துக் கத்துக்கங்க. நேத்துத் தல தீபாவளி இவங்க ஊட்டுல. ஒண்ணேமுக்காக் கிலோகூட ஏறுல."

தங்காயி தலையைக் குனிந்துகொண்டாள், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி. எனக்கு, சொல்வதற்கு என்ன, பெருமையாகத்தான் இருந்தது. அந்த வருடத்திலேயே அந்த ஒரு நாள்தான் எங்களுக்குத் தீபாவளி.

கார்த்திகை வந்தது. பொரி உருண்டை, அடை, எல்லா வீட்டிலிருந்தும் தட்டு வந்தது. அவள் எதையும் தொடவில்லை. நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ரவிக்கைக் கை லூசாகிவிட்டது என்று ஊசி நூலை எடுத்து உட்கார்ந்து பிடித்துத் தைத்தாள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை தைத்தாள். நான் துணி நைந்துவிட்டது என்று நினைத்தேன். ஏனென்றால் எடை இறங்கவில்லையே. எடை அப்படியே இருக்கிறது. உடம்பு இளைத்தால் எடை இறங்க வேண்டுமல்லவா?

முகம் வேறு கொஞ்சம் பூசினாற்போல ஆயிற்று. பக்கத்து வீட்டு ரத்தினமக்கா வந்து, "தங்காயி, இப்பத்தான் உனக்கு மொகத்துல ஒரு தெளிவே வந்திருக்குது. உங்க ஊட்டுக்காரரு நல்லாப் பாத்துக்கறாரு போ" என்றாள். காலையில் கண்ணுக்குக் கீழே லேசாகப் பளபளவென்று இருக்கும். மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். நானும் பார்த்தேன். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

மார்கழியில் ஒரு நாள் நான் வீட்டுக்கு வரும்போது படுத்திருக்காமல் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிக் கேட்டேன். "படுத்தா இருமலு வருதுங்க. உக்காந்தா சேரியாப் போவுது." மார்கழிக் குளிர், சளி பிடித்திருக்கும் என்று இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். காலையும் மாலையும் பத்து மில்லி. அந்த இருபது மில்லியையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்தேன். அந்த அளவுக்குப் பார்த்தேன் நான்.

அதே மார்கழியில்தான் மேடையில் ஒரு சங்கதி நடந்தது. சொல்லிவிடுகிறேன், மறந்துவிடும். ஒரு லாரி, வாரத்துக்கு மூன்று நடை மில்லிலிருந்து தீவனம் ஏற்றிப் போகிறது. பழகின வண்டி. பழகின வண்டியென்றால் காலி எடையை ஒவ்வொரு தடவையும் போட மாட்டோம். கம்ப்யூட்டரில் பழையது இருக்கும், ஒன்பதாயிரத்து இருநூறு, அதைத் தட்டிக் கழித்துவிடுவோம். எல்லா மேடையிலும் அப்படித்தான். அன்றைக்கு அந்த வண்டி மேடையில் ஏறும்போது சத்தம் வேறு மாதிரி இருந்தது. டிரைவரைக் கூப்பிட்டு, "சரக்க எறக்கிட்டு வெறும் வண்டிய ஏத்துப்பா" என்றேன். குதித்தான், கத்தினான், மில் மேனேஜருக்குப் போன் போட்டான். நான் விடவில்லை. ஏற்றிப் பார்த்தால் எட்டாயிரத்து எழுநூறு. மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய இரும்பு பாடியைக் கழற்றிவிட்டு லேசான பாடி கட்டியிருக்கிறார்கள். வண்டி ஐநூறு கிலோ இளைத்துவிட்டது. அந்த ஐநூறு கிலோவுக்கும் கூடுதலாகத் தீவனம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மேடையில் நின்றால் மொத்த எடை எப்போதும் போலத்தான் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. மில் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். அதோ, ஆணியில் தொங்குகிறதே, அதுதான். அவளிடம் காட்டினேன். "உங்களுக்கா தெரியாது" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

அதை விடுங்கள். எங்கே விட்டேன்? இருமல்.

சென்டரில் பிரஷர் கூடுதலாகவே காட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டருக்கு ஒரு சந்தேகம். "டாக்டர் வந்து ட்ரை வெயிட்ட ஒருக்காப் பாக்கோணுங்கண்ணா" என்றார்கள். டாக்டர் ஐப்பசியில் வந்த நாள் எங்கள் முறை இல்லை. கார்த்திகையில் மழை, வரவில்லை. மார்கழியில் லீவு. பொங்கல் கழித்து வருகிறார் என்றார்கள். சிஸ்டர் இன்னொன்றும் கேட்டார்கள். "நல்லாச் சாப்படறாங்களாண்ணா? தண்ணியத்தான் கொறைக்கோணும், சோத்தக் கொறைக்கக் கூடாது." நான், "அதெல்லாஞ் சாப்படறாங்க சிஸ்டர்" என்றேன். தங்காயி கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளும், "சாப்படறனுங்க" என்றாள். எங்கள் பேர் அங்கே நல்ல பேர். பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். அதைக் கடந்துவிட்டால் போதும், மாசி பங்குனியில் பண்டிகை ஒன்றும் கிடையாது.

இந்தக் கீரையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைக்கிறேன்.

பொங்கலன்றைக்கு நான் வரும்போது ஆறரை. வாசலில் கோலம் பாதி போட்டு நிற்கிறது. உள்ளே அவள் குளித்துவிட்டு அதே காட்டன் சேலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் செருப்பைக் கழற்றினேன். "எத்தன?" என்றேன். அவளாகவே ஏறினாள். ஐம்பத்து மூன்று இருநூறு. டயாலிசிஸ் ஆகி மூன்று நாள், லீவினால் நாலாம் நாள்தான் அடுத்தது, அப்படியும் ஐம்பத்து மூன்று இருநூறு. எனக்கு உடம்பெல்லாம் லேசானது. முடிந்தது. தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். "தங்காயி, இன்னிக்கு நீ ஒரு கரண்டிப் பொங்கலு சாப்புட்டுக்க" என்றேன்.

"பொங்கலு வேண்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். முழு டம்ளர். சம்பாதித்திருக்கிறாளே. பாதி குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வாயோரத்தில் நுரை. ரத்தினமக்காவின் மகன் கார் எடுத்து வந்தான். வழி நெடுகப் பொங்கல் வாசனை. எல்லா வாசலிலும் அடுப்பு, வண்டி ஒதுங்கி ஒதுங்கித்தான் போக முடிந்தது.

ஆஸ்பத்திரியில் பண்டிகை நாள், ஒரே ஒரு டியூட்டி டாக்டர். டயாலிசிஸ் பேஷண்ட் என்றதும் முதல் கேள்வி, "எடை எவ்வளவு ஏறியிருக்குது?" என்றுதான். நான் தெளிவாகச் சொன்னேன். "ஒண்ணும் ஏறலீங்க. ஒண்ணேகாக் கிலோதான்." அவர் நின்றார். "அப்ப இது தண்ணி இல்லையே" என்று சொல்லிவிட்டு இருதயத்துக்கு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அது முடிந்துதான் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கத் தண்ணீர், வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் ஓடினார். அதற்குள் மணி ஒன்பதேகால் ஆகியிருந்தது. ஒன்பது இருபதுக்கு முடிந்துவிட்டது.

மோகனா வந்தாள், அழுதாள், என்னோடு பேசவில்லை. இன்னும் பேசுவதில்லை. மாப்பிள்ளை மாதம் ஒரு தடவை போன் பண்ணி, "மாமா, நல்லாருக்கீங்களா" என்பார். நல்லாயிருக்கிறேன் என்பேன்.

இரண்டு வாரம் கழித்து ஏதோ காகிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று சென்டருக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பெரிய டாக்டர் வந்திருந்தார். நான் நாள்காட்டித் தாள்களையெல்லாம் ஒரு கட்டாகக் கொண்டுபோயிருந்தேன், எடையில் தவறு இல்லை என்று காட்டுவதற்கு. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிதானமான மனிதர். கடைசித் தாள் வரைக்கும் பார்த்துவிட்டு, "இந்த மூணு மாசமும் என்ன சாப்பிட்டாங்க?" என்றார்.

சொன்னேன். தோசைக்குப் பதில் தண்ணீர் என்று அவள் போட்ட கணக்கையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ட்ரை வெயிட்ங்கறது எப்பவும் ஒண்ணா இருக்காதுங்க. சாப்பிடாம இருந்தா சதை கரையும், அதுவும் கூடவே இறங்கும். இவங்களுக்கு அஞ்சு கிலோ சதை போயிருக்கும். அந்த இடத்துல அஞ்சு கிலோ தண்ணி நின்னிருக்கும். மிஷின்ல ஏறினா அதே அம்பத்திரண்டுதான் காட்டும். நாங்க அம்பத்திரண்டு வரைக்கும் எடுத்துட்டு நிறுத்திடுவோம், மிச்சம் உள்ளேயே இருந்திருக்கு." கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "மூணு மாசம் நானும் பாக்காம விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

லாரி எடை மேடையில் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நான் இதை உங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லீங்களே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

புரிந்தது. புரியாமல் இல்லை. தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்கு ராத்திரி வேலைக்குப் போனேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த மிஷின் ஒரு நாளும் தப்பாகக் காட்டவில்லை. அவர் சொன்னதும் சரி, மிஷின் காட்டினதும் சரி. அதுதான் எனக்கு... சரி, விடுங்கள். கருவியில் குறை இல்லை, அதற்காகச் சொன்னேன்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள், எடுங்கள், நான் பேசாமல் இருக்கிறேன்.

சம்சாரமா?

இல்லை, ஒட்டுக் கேட்கவில்லை. சின்ன வீடு, காதில் விழுந்துவிட்டது. எடுத்ததும் "சாப்புட்டியா" என்றுதானே கேட்டீர்கள். எல்லோரும் கேட்பதுதான். மேடைக்கு வருகிற டிரைவர்கூட, பேர் தெரியாது, ஊர் தெரியாது, "சாப்பாடு ஆச்சுங்களாண்ணா" என்றுதான் ஆரம்பிப்பான். நானும் அவனைக் கேட்பேன்.

வீட்டில் நான் நுழைந்ததும் "எத்தன?" என்றுதான் கேட்டேன். நூறு நாள் இருக்கும். நடுவில் ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்றும் கேட்டிருப்பேன். வாய் பழக்கத்தில் வந்திருக்கும். யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. கேட்டிருப்பேன்.

என்ன சாப்பிட்டார்களாம்? இட்லியா. எத்தனை என்று சொன்... இல்லை, இல்லை. வேண்டாம். சாப்பிட்டால் சரி.

மிஷின் அந்தப் பீரோவுக்குக் கீழே இருக்கிறது, துணி சுற்றி வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று தோன்றினாலும் ஒன்றுமில்லை, அங்கேயே இருக்கட்டும். உங்கள் இஷ்டம். எனக்கு ஏழரைக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் கொஞ்சம் கண்ணயர வேண்டும்.

போகும்போது அந்த முறத்தை மட்டும் இப்படித் தள்ளிவிடுங்கள். காம்பெல்லாம் முற்றலாக இருக்கிறது, பழுத்த இலை வேறு நிறைய. பார்த்துப் பார்த்துத்தான் உருவ வேண்டும்.